பேரன் எடுத்த வயதிலும் மகளிர் மருத்துவரிடம் போக வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேற்கு மாம்பலத்தில் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறேன். என்னிடம் வழக்கமாகத் தைக்கும் அக்கா ஒருவருக்கு வயது 58. தீபாவளிக்குத் தைத்த சுடிதாரைப் பொங்கலுக்குள் கொண்டுவந்து, இடுப்பில் தையல் பிரித்து விடச் சொன்னார். உள்ளே விட்டிருந்த துணி முழுவதையும் விட்டும் பத்தவில்லை. ஆனால் கை தொளதொளவென்று தொங்கியது, தோளும் இறங்கியிருந்தது. உடம்பு பூசினால் கைதானே முதலில் பிடிக்கும்? கேட்டதற்கு, "எல்லாம் கேஸ்மா. ரெண்டு இட்லிக்கு மேல இறங்கல" என்றார். ராத்திரியில் நாலைந்து தடவை பாத்ரூம் போவதைச் சர்க்கரை என்று நினைத்திருந்தார்.

ஒரு கிளினிக்கில் அசிடிட்டிக்கு மாத்திரை, இன்னொன்றில் நீர்க்கடுப்புக்கு மாத்திரை. கடைசியில் ஒரு டாக்டரம்மாதான் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அக்காவின் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்றும் கேட்டார், இருந்தது. குடும்பத்தில் அது இருந்தால் சினைப்பைப் புற்றுநோய்க்கும் வாய்ப்பு கூடுமாம். ஸ்கேனில் சினைப்பையில் கட்டி, வயிற்றில் நீர். சினைப்பைப் புற்றுநோய்தான். இப்போது கீமோ நடக்கிறது.

கூடப் போய்வந்ததில் எனக்குப் புரிந்தவற்றை எழுதுகிறேன். "பாப் ஸ்மியர் நார்மல்னு சொன்னாங்களே" என்று அக்கா திரும்பத் திரும்பக் கேட்டார். அது கருப்பை வாய்க்கான பரிசோதனை. சினைப்பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சினைப்பைப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் எடுக்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனை 35க்கு மேல் போனாலே புற்றுநோய் என்றும் ஆகாது. ஃபைப்ராய்டு என்னும் கருப்பைத் தசைக்கட்டி, கருப்பையின் உள்படலம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், நம் ஊரில் அதிகமுள்ள வயிற்றுக் காசநோய், எதிலும் அது ஏறும். ஆரம்ப நிலைப் புற்றுநோயில் பாதிப் பேருக்கு ஏறாமலே இருக்கும். அதனால்தான் ஸ்கேனும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வயிற்றில் சேர்ந்த நீரையோ சதையையோ லேபுக்கு அனுப்பித்தான் உறுதி செய்கிறார்கள். கட்டி சினைப்பைக்குள்ளேயே இருந்தால் ஊசியால் குத்தாமல் முழுசாக எடுத்துப் பரிசோதிப்பார்களாம். குத்தினால் உள்ளே சிந்திப் பரவக்கூடும்.

அதற்காக, ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் எல்லோரும் இந்த ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்கச் சொல்லவில்லை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வில், அப்படி எடுத்ததால் உயிரிழப்பு குறையவில்லை என்று 2021இல் தெரிந்தது. உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் ஆகியவை புதிதாக வந்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் படுத்துகிறதென்றால் காத்திருக்கக் கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

எழும்பூர், திருவல்லிக்கேணி கஸ்தூரிபா ஆகிய அரசு மகளிர் மருத்துவமனைகளுக்கு 'பிரசவ ஆஸ்பத்திரி' என்றே நம் வீடுகளில் பெயர். பேரன் பேத்தி எடுத்தவர்கள் அங்கே வரிசையில் நிற்கக் கூசுகிறார்கள். எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கு வரும் சகோதரிகள், ஐம்பது தாண்டிய பெண்களிடம் வயிறு பற்றியும் ஒரு வார்த்தை கேட்டு, அங்கே எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுக்க மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தையற்கலைஞர்,
மேற்கு மாம்பலம், சென்னை-33