பனிச்சரிவுப் பணிக்குச் சான்றிதழ் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 பிப்ரவரி 28 அன்று உத்தரகண்டின் மாணா அருகே பனிச்சரிவில் சிக்கிய 54 சாலைத் தொழிலாளர்களில் 8 பேர் இறந்தனர். இத்தகைய இடங்களுக்கான ஒப்பந்தங்களில் பனிச்சரிவுப் பயிற்சிச் சான்றிதழைக் கட்டாயமாக்க வேண்டும். ஒரு நாள் வகுப்புக்குத் தரும் காகிதத்தைச் சொல்லவில்லை.

புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி தாண்டினால் பெரும்பாலும் மூச்சுத் திணறலே கொன்றுவிடும். ஆகவே கடிகாரத்தை வைத்துத்தான் தேர்வு நடத்த வேண்டும். புதைந்தவர் அணிந்திருக்கும் கருவியின் சிக்னலைப் பிடிக்கும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸீவரில் தேடும்போது, கடைசி மூன்று மீட்டரில் கருவியைப் பனியை ஒட்டிப் பிடித்து நகர்த்த வேண்டும். சிக்னல் வலுவான இடத்திலிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுருள் வடிவில் குத்துக்கோலை (பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கோல்) இறக்க வேண்டும். உடலில் பட்டதும் அவசரத்தில் கோலை உருவிவிட்டால் இடம் தவறிப்போகும். அதை அப்படியே விட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்ட வேண்டும். நேர் மேலே ஏறி நின்றால் புதைந்தவரின் முகத்தருகே உள்ள காற்றிடம் நசுங்கும். தேடுபவரின் பையில் செல்போன் ஓடினாலும் சிக்னல் குழம்பும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மலைச்சரிவின் கோணத்தை அளக்கக் கற்க வேண்டும்: 30 முதல் 45 டிகிரியில்தான் ஆபத்து அதிகம். சண்டிகரில் உள்ள டி.ஆர்.டி.ஓ. (பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வகம் பனிச்சரிவு முன்னெச்சரிக்கை தருகிறது. அதைப் படித்து வேலையை நிறுத்தும் அதிகாரம், சான்று பெற்ற மேற்பார்வையாளருக்கு எழுத்துப்பூர்வமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டேராடூன்