கயிற்றில் கட்டிய காந்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாகனப் பராமரிப்புப் பகுதியில் ஒரு வரி வந்திருந்தது. ‘பைக் டேங்கில் ஸ்க்ரூவோ சாவியோ விழுந்துவிட்டால் கவலை வேண்டாம். ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டால் ஐந்தே நிமிடத்தில் எடுத்துவிடலாம். மெக்கானிக்கிடம் போய்ப் பணத்தை வீணாக்க வேண்டாம்.’ நாங்கள் பல வருடம் வாங்கிப் படிக்கும் பத்திரிகையில் இப்படி ஒரு வரியைப் பார்த்தபோது மனம் வலித்தது.

பெரும்பாலான பைக் டேங்குகள் இரும்புத் தகடு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கயிற்றில் தொங்கும் காந்தம் வாயைத் தாண்டி இறங்கியதும் ஸ்க்ரூவைத் தேடிப் போகாது, பக்கத்துத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பலமாக இழுத்தால் முடிச்சு அவிழும். அதன் பிறகு உள்ளே கிடப்பது ஒன்றல்ல, இரண்டு. அந்த வரி வெளியான மறுநாளே அப்படி ஒரு டேங்க் சேலம் அம்மாப்பேட்டைப் பட்டறைக்கு வந்தது. ஸ்பீக்கரிலிருந்து பெயர்த்த வட்டக் காந்தம், அதில் மூன்று அங்குல நைலான் நூல், தேடப் போன ஆலன் ஸ்க்ரூ தனியாக எதிர்மூலையில்.

விழுந்த பொருள் எது என்று தெரியாமல் கருவியைக் கையில் எடுக்கவே கூடாது. பல வண்டிச் சாவிகள் பித்தளையில் செய்து நிக்கல் முலாம் பூசியவை. பார்க்க இரும்பு மாதிரி இருக்கும், காந்தம் தூக்காது. அலுமினிய வாஷர் வராது. கொலுசுக்குப் பெயர்போன ஊர் நம் ஊர், குழந்தை கொலுசுத் திருகைப் போட்டுவிட்டால் அதுவும் வராது. எவர்சில்வரிலும் இரண்டு வகை உண்டு. நாணய வில்லை வெட்டித் தந்த உருக்காலை உள்ள ஊரில் இதைச் சொல்ல வேண்டியதில்லை: ஒரு ரூபாய் நாணயத்தில் காந்தம் ஒட்டும், நல்ல சமையல் பாத்திரத்தில் ஒட்டாது. அதனால் விழுந்ததற்கு ஜோடியான ஸ்க்ரூவையோ மாற்றுச் சாவியையோ வெளியே காந்தத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை அச்சிட்டிருந்தாலே பாதிப் பேர் தப்பித்திருப்பார்கள்.

விழுந்தவுடன் வண்டியைக் குலுக்குவதுதான் எல்லோரும் செய்யும் அடுத்த தவறு. டேங்கின் அடி தட்டையாக இருக்காது. நடுவில் ஃபிரேம் பைப் போக இடம் விட்டு, கழுதை முதுகில் போட்ட இரட்டைப் பொதி மாதிரி இரண்டு பக்கமும் இறங்கியிருக்கும். விழுந்த பொருள் முதலில் வாய்க்கு நேர் கீழே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் கிடக்கும். குலுக்கினால் மேட்டைத் தாண்டி மறுபொதிக்கோ முன்மூலைக்கோ போய்விடும். சாவியை ஆஃப் செய்து, சென்டர் ஸ்டாண்டு இருந்தால் போட்டு, பெட்ரோலின் அலை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். எல்ஈடி டார்ச்சை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துப் பார்க்கலாம். வயர் இழுத்த பல்ப் வேண்டவே வேண்டாம்.

இரும்புப் பொருள் என்றால் பேனா மாதிரி நீளும் காந்தக் குச்சி கடையில் கிடைக்கிறது. அதையும் அப்படியே விடக் கூடாது. குச்சியின் தலைக்குப் பொருந்தும் பெட்ரோல் டியூப் ஒரு துண்டு வெட்டி உறை மாதிரி மாட்டி, காந்தத்தின் முகம் மட்டும் வெளியே தெரியும்படி விட வேண்டும். பக்கவாட்டில் ரப்பர் இருப்பதால் தகட்டில் ஒட்டாமல் நேராக இறங்கும். காந்தம் பிடிக்காத பொருளுக்கு, பின்முனையை அழுத்தினால் நுனியில் நான்கு கம்பி விரல் விரியும் கவ்வி இருக்கிறது. இரண்டு மூன்று முயற்சியில் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு டேங்கை இறக்குவதே நல்லது.

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலை, டேங்கின் அடியில் திறந்து மூடும் டேப் வழியாக உலோக கேனில் இறக்கிக்கொள்ளலாம். பம்ப் வைத்து எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்ஐ வண்டியில் அப்படி முடியாது. பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ஹோஸில் ஏறக்குறைய 3 பார் அழுத்தம் நிற்கும். பம்ப்புக்கு மின்சாரம் போகும் கப்ளரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, பேட்டரி நெகட்டிவ்வை எடுத்து, எஞ்சின் ஆறிய பிறகுதான் ஹோஸைத் தொட வேண்டும். இல்லையென்றால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சியடிக்கும். டேங்கைக் காலி செய்து கவிழ்த்து, அடியில் பம்ப் தட்டைக் கழற்றினால் பெரிய வழி திறக்கும். ஆனால் கசிவைத் தடுக்க அந்தத் தட்டில் இருக்கும் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், மறுபடி பள்ளத்தில் உட்காராது. புதுசு கையில் இல்லாமல் பம்ப்பைத் திறந்தால் அன்றைக்கு வண்டி பட்டறையில்தான்.

டேங்கை வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்துத் தட்டினால் விழுந்துவிடும் என்பதும் அரைகுறைப் பேச்சு. பல டேங்குகளில் வாயின் கழுத்து உள்பக்கம் சற்று நீண்டிருக்கும். பொருள் அந்த விளிம்பைச் சுற்றி ஓடுமே தவிர ஓட்டைக்குள் விழாது. இரண்டு பேர் பிடித்து மெதுவாக உருட்ட வேண்டும், வாயருகே வந்ததும் ஒருவர் கவ்வியால் பிடிக்க வேண்டும். ஆத்திரப்பட்டு வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப் போகிறவர்களும் உண்டு. தயவுசெய்து இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: நிறைந்த டேங்கை விடக் காலி டேங்க் ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

இந்தப் பகுதியோடு எங்களுக்கு இருக்கும் மனவருத்தம் இன்று நேற்று வந்ததல்ல. மைலேஜுக்கு அந்துருண்டை போடுங்கள் என்று முன்பு ஒரு குறிப்பு வந்தது. அது பெட்ரோலில் கரையும், பெட்ரோல் ஆவியாகும் இடத்தில் மீண்டும் வெள்ளையாகப் படியும். கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் ஜெட் துளையை அடைக்க அது போதும். சர்க்கரை போட்டால் எஞ்சின் பாகாக இறுகிவிடும் என்று இன்னொரு வாரம். சர்க்கரை பெட்ரோலில் கரைவதே இல்லை. அடியில் மணலாகக் கிடந்து, பெட்ரோலை வடிகட்டும் வலையைத்தான் அடைக்கும். டேங்கை இறக்கி, டேப்பையோ பம்ப்பையோ எடுத்துவிட்டு, தண்ணீரில் கழுவி, ஈரமே இல்லாமல் காயவைத்தால் தீர்ந்தது. இதற்கு எஞ்சினைப் பிரிக்கச் சொல்லி மக்களைப் பயமுறுத்த வேண்டுமா?

எல்லாவற்றையும் விட வலித்தது மழைக்காலக் குறிப்பு: மூடிக்கு அடியில் பாலிதீன் கவரை விரித்து மூடச் சொன்னது. கிழிந்த துண்டு உள்ளே விழுந்தால் எந்தக் காந்தத்துக்கும் வராது. வண்டி கொஞ்ச தூரம் ஓடும், கவர் வலையின் மேல் இழுபட்டு ஒட்டும், எஞ்சின் திணறி நிற்கும். சற்று நேரம் விட்டால் கவர் விலகும், மறுபடி ஸ்டார்ட் ஆகும். ஏற்காடு ஏறும்போது டேங்க் பின்பக்கம் சாய்வதால் உள்ளே கிடக்கும் எதுவும் பின்மூலைக்கு வரும், பல வண்டிகளில் டேப் இருப்பது அங்கேதான். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், பின்னால் பஸ் ஏறி வரும்போது வண்டி நின்றால் என்ன ஆகும்? பிளக்கையும் காயிலையும் மாற்றிப் பணம் செலவழித்த பிறகே பலருக்கு டேங்க் நினைவு வருகிறது.

மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் இதே குணம்தான் தெரியும். பிரித்தறிவது சுலபம். நின்றவுடன் மூடியைத் திறக்க வேண்டும். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போய், வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால் துளை அடைப்பு. சத்தமே இல்லாமல், காத்திருந்த பிறகு மட்டும் ஸ்டார்ட் ஆனால் வலையைப் பார்க்க வேண்டும்.

மழைத்தண்ணீருக்குக் கவர் தேவையே இல்லை. டேங்க்கோடு சமமாகப் படியும் மூடிகளில், சுற்றுப்பள்ளத்தில் ஒரு சின்ன வடிகால் துளை இருக்கும். அது மண்ணால் அடைத்தால்தான் தண்ணீர் தேங்கி, மூடியைத் திறக்கும்போது உள்ளே இறங்கும். பூட்டிய நிலையில் பள்ளத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அடியில் டியூப் வழியாகச் சொட்ட வேண்டும். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான்.

அந்த மூடியைக் கழற்றும்போதுதான் ஸ்க்ரூக்களும் அதிகம் விழுகின்றன. வாயை விடப் பெரிய ஒரே துணியை அடைத்து, ஒரு முனை வெளியே தொங்கும்படி விட்டு, கழற்றிய ஸ்க்ரூக்களை எண்ணி ஒரு டப்பாவில் போட வேண்டும். வேஸ்ட் நூல் கூடாது, அதன் இழைகளே வலைக்குப் போகும்.

ஐயா, கேட்பது சிறிய உதவி. வருகிற ஞாயிறு, அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், கயிற்றுக் காந்தமும் பாலிதீன் கவரும் வேண்டாம் என்று ஒரு திருத்தம் போடுங்கள். நான்கு வரி போதும். ஐப்பசி மழைக்கு முன்பு வந்தால் மலைப்பாதையில் போகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக்,
அம்மாப்பேட்டை, சேலம்.