காய்ச்சினாலும் போகாத நஞ்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏரி நீர் பச்சையாகிவிட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம் ‘காய்ச்சிக் குடியுங்கள்’ என்ற அறிவுரையும் கூடவே வருகிறது. கிருமிகளுக்கு அது சரி. நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சு கொதிநீரிலும் அழியாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். தயவுசெய்து அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள்.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரக் குழாய்நீரில் இந்த நஞ்சு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியது. சுமார் 5 லட்சம் பேரிடம், குடிக்கவும் வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. அந்த நீர் வந்தது ஈரி ஏரியிலிருந்து. அமெரிக்கா, கனடா இரண்டிலுமாக ஏறக்குறைய 1.1 கோடி பேருக்குக் குடிநீர் தரும் ஏரி அது. அதன் மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் ஏழெட்டு மீட்டர்தான். சீக்கிரம் சூடேறும் அந்த நீரில்தான் மீனும் செழிக்கிறது, பாசியும் செழிக்கிறது.

பாசிக்குத் தீனி பாஸ்பரஸ். 1973-ல் கனடாவில் 226 என்ற எண்ணிட்ட சிற்றேரியைத் திரைகட்டிப் பிரித்து, இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். பாஸ்பரஸும் சேர்த்த பாதி மட்டுமே பச்சையானது. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைத்து, கழிவுநீரைச் சுத்திகரித்து ஈரியை ஒருமுறை மீட்டார்கள். பாசி மறுபடி வந்ததற்கு முக்கியக் காரணம் வயல் உரம்.

உழாத நிலத்தில் மேலாகத் தூவிய உரம் மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மழையில் கரைந்து, நிலத்தடி வடிகுழாய் வழியாக மாமீ ஆற்றுக்கும் பிறகு ஏரிக்கும் போய்ச் சேர்கிறது. மண்ணோடு ஒட்டி வரும் பாஸ்பரஸைவிட இப்படிக் கரைந்து வரும் பாஸ்பரஸ் மோசமானது. பாசி அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். கரையோரப் புல்வரிசை மண்ணைத் தடுக்கும், குழாய்க்குள் ஓடுவதைத் தடுக்காது. மண்ணைப் பரிசோதித்துத் தேவையான அளவு மட்டும் இடுவதும், அதை மண்ணுக்குள் புதைப்பதும், உறைந்த நிலத்திலும் கனமழைக்கு முன்பும் இடாமலிருப்பதும்தான் பலன் தரும். ஏரிக்கு வரும் பாஸ்பரஸை 2008-ன் அளவிலிருந்து 40 விழுக்காடு குறைக்க 2016-ல் இரு நாடுகளும் இலக்கு வைத்தன.

பாஸ்பரஸ் வருவதைக் குறைத்த மறு ஆண்டே ஏரி தெளிந்துவிடாது. அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் சேற்றில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பாஸ்பரஸ் மேலே வரும். பொறுமையிழந்து, பாசியைக் கொல்ல மயில்துத்தம் (தாமிர சல்பேட்) போடுகிறவர்கள் உண்டு. அப்போது பாசியின் செல்கள் உடைந்து, வடிகட்டியிலேயே பிடிபட்டிருக்க வேண்டிய நஞ்சு நீரில் கரைந்துவிடும். அதன்பின் அதை நீக்கச் சாதாரண மணல் வடிகட்டி போதாது, செயலூட்டிய கரி வேண்டும்.

இப்படிக்கு,
நீரியல் துறை வாசகர்