படம் வரைந்தவர் பெயரையும் எழுதுங்கள்: டெல்டா நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் பணிபுரியும் நூலகர்களுக்கு,

வணக்கம். பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேரப்பிள்ளைகளை நூலகத்துக்கு அழைத்து வருவதுதான் இப்போது என் முக்கிய உத்தியோகம். சிறுவர் பகுதியில் அவர்களோடு உட்கார்ந்து படக்கதைப் புத்தகங்களைப் புரட்டுகிறபோதெல்லாம் தோன்றுகிற ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். புத்தகத்தைப் பதிவேட்டில் ஏற்றும்போது, எழுதியவர் பெயரோடு படம் வரைந்தவர் பெயரையும் எழுதுங்கள்.

இதற்குப் போய் ஒரு மடலா என்று நினைப்பீர்கள். நாலு வயதுப் பிள்ளை ஒன்று படக்கதை கேட்பதைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். பாட்டி எழுத்தை வாசிப்பார். பிள்ளை படத்தை வாசிக்கும். பாட்டி பக்கத்தைத் திருப்பப் போவார், பிள்ளை அவர் கையைப் பிடித்து நிறுத்தி, “பூனை எங்க போச்சு?” என்று கேட்கும். கதையில் பூனையே கிடையாது. ஓவியர் தன் பொறுப்பில் ஒரு பூனையைக் கொண்டுவந்து திண்ணையில் உட்கார வைத்து, அடுத்த பக்கத்தில் ஓட்டின் மேல் ஏற்றி, அதற்கடுத்த பக்கத்தில் வாலை மட்டும் காட்டியிருப்பார். அந்தப் பூனைக் கதைக்கு ஆசிரியர் யார்?

படக்கதைப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். அதற்குள் ஓவியர் படும் பாடு வெளியே தெரியாது. இரண்டு பக்கத்தை ஒரே படமாக விரிக்கும்போது நடு மடிப்பில் யார் முகமும் விழக் கூடாது. எழுத்துக்கு வெற்றிடம் விட வேண்டும், அது வெற்றிடமாகவும் தெரியக் கூடாது. திடுக்கிட வைக்கும் காட்சியைத் தாளைத் திருப்பிய பிறகுதான் பிள்ளை பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் விடக் கடினம், மூன்றாம் பக்கத்துச் சிறுமி முப்பதாம் பக்கத்திலும் அதே சிறுமியாக இருப்பது. முதுகைக் காட்டினாலும் அழுதாலும் ஓடினாலும் அவள்தான் என்று தெரிய வேண்டும். அழகான படம் ஒன்று போட என் மாணவர்கள் பலருக்கு வந்தது. ஒரே ஆளைப் பத்துக் கோணத்தில் வரையச் சொன்னால் வகுப்பே தலையைச் சொறியும். நம்மூர்ப் பிள்ளைகளிடம் இன்னொரு சோதனையும் உண்டு. நாற்றங்கால் பச்சை வேறு, கதிர் பிடித்த வயலின் பச்சை வேறு என்று அவர்களுக்குத் தெரியும். ஏதோ ஒரு பச்சையைப் பூசி இதுதான் வயல் என்று அவர்களை ஏமாற்ற முடியாது.

ஓவியரின் பெயர் நமக்குப் பழக்கமில்லாத ஒன்றும் அல்ல. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகள் நம் பக்கம் எத்தனை! அந்தத் தொகுப்புகளைக் கதைக்காக எடுத்தவர்களும் உண்டு, கோபுலு படத்துக்காக எடுத்தவர்களும் உண்டு. தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணத்து ஓவியப் பள்ளியில் படித்தவர் அவர். கோபுலு, சில்பி, மணியம் என்று பெரியவர்கள் இன்றும் சரளமாகச் சொல்கிறார்களே, ஏன்? பத்திரிகைகள் அந்தப் பெயர்களைச் சொன்னதால்தான்.

அம்புலிமாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். உருவிய வாளும் தோளில் சுமந்த பிணமுமாக விக்கிரமாதித்தன் நடந்து போகும் படம் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். வரைந்தது யார் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். கொங்கு நாட்டில் பிறந்த கே.சி. சிவசங்கரன், சங்கர் என்ற பெயரில் பல பத்தாண்டுகள் அந்த இதழுக்கு வரைந்தவர். 2020 செப்டம்பரில் காலமானார். பத்மஸ்ரீ அறிவித்தது 2021இல். உயிரோடு இருந்தபோது கொடுத்திருக்கக் கூடாதா?

பதிவேட்டில் இதற்குத் தனிக் கட்டம் இல்லையே என்பீர்கள். குறிப்புக் கட்டத்தில் எழுதலாமே. உங்கள் துறையின் மூலவர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1892இல் பிறந்தது நம் சீர்காழியில். அவருடைய நூற்பட்டியல் விதிகளே மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர் வரிசையில் ஓவியருக்கும் இடம் தருகின்றன. ஆனால் உடனுழைத்தவர் என்ற இரண்டாம் நிலைதான். படக்கதைக்கு அது போதாது என்பது என் கட்சி. அந்த விதிகள் எழுதப்பட்ட 1930களில் இப்படிப்பட்ட தமிழ்ப் புத்தகங்கள் நம் அலமாரியில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் 1938 முதல் ஆண்டுதோறும் சிறந்த படக்கதைப் புத்தகத்தின் ஓவியருக்குக் கால்டிகாட் பதக்கம் கொடுக்கிறார்கள். கொடுப்பது அரசாங்கமோ பதிப்பாளர்களோ இல்லை, நூலகர் சங்கம். நீங்கள் பதக்கமெல்லாம் கொடுக்க வேண்டாம். பெயரை எழுதினால் போதும்.

எழுதுகிற கையோடு முத்திரையையும் கொஞ்சம் பார்த்துக் குத்துங்கள். ஒரு நூலகத்தில் நான் எடுத்த புத்தகத்தில் யானையின் கண் மேலேயே ஊதா மையில் வட்ட முத்திரை. என் பேத்தி அதை யானைக்குப் போட்ட மூக்குக்கண்ணாடி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மெலிந்த புத்தகங்கள் என்பதால் முதுகு மட்டும் தெரிய அடுக்கினால் எதுவும் கண்ணில் படாது. நாலைந்தையாவது அட்டை தெரிய நிறுத்தி வையுங்கள். கிழிந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைப்பது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கிழியத்தான் செய்யும், ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த மரங்களைச் சென்னையின் தாரா பதிப்பகம் கறுப்புத் தாளில் கையால் அச்சடித்துப் புத்தகமாக்கியது. 2008இல் அதற்கு இத்தாலியின் போலோனியா குழந்தைகள் புத்தகச் சந்தையில் விருது. மூவரும் அந்தப் புத்தகத்தின் ஆசிரியர்களாகவே அறியப்படுகிறார்கள். நம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் துணியில் கலம்காரி வரைகிறவர்கள் இருக்கிறார்கள். கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற ஒரு பெண் நூலகத்துக்கு வந்து, படக்கதை ஒன்றின் பதிவில் ஓவியர் பெயரைப் பார்த்தால், இப்படியும் ஒரு வேலை இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வரும். இல்லாவிட்டால் விளம்பரப் பலகைக்கோ கல்யாண மேடை அலங்காரத்துக்கோ போய்விடுவாள். அவையும் கௌரவமான தொழில்தான், ஆனால் நம் பிள்ளைகளுக்கு நஷ்டம்.

ஏற்கெனவே பதிவான புத்தகங்களுக்கெல்லாம் இனிமேல் பெயர் எழுத ஆள் ஏது என்று கேட்டால், நான் வருகிறேன். சனிக்கிழமைகளில் சும்மாதான் இருக்கிறேன். கையெழுத்தும் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை