மகளிரியல் துறைகளுக்கு நிரந்தர ஆசிரியர்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் எந்தப் படிப்புக்கு எவ்வளவு சம்பளம் என்ற பேச்சே எங்கும் நிறைந்துவிடுகிறது. அந்தப் பேச்சில், பெண்களின் வாழ்வையும் உழைப்பையும் ஆராயும் மகளிரியல், சமூகத்தில் பாலினத்தின் இடத்தை ஆராயும் பாலினவியல் ஆகிய படிப்புகளுக்கு இடமே இருப்பதில்லை. 'அதைப் படித்து என்ன செய்வது?' என்று கேட்கும் பெற்றோரையும், 'பெண்கள்தான் எல்லாத் துறைகளிலும் வந்துவிட்டார்களே, அதற்கெனத் தனித் துறை எதற்கு?' என்று கேட்கும் கல்லூரி நிர்வாகிகளையும் பல ஆண்டுகளாகச் சந்தித்து வருகிறேன். பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அந்தத் துறை எங்கள் துறைக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்வதே அவர்களுக்கு நான் தரக்கூடிய பதில்.

வீட்டு வேலைக்குச் சம்பளம் கொடுத்து அமர்த்திய பெண்ணை அந்த வீட்டுக்காரரே மணந்துகொண்டால், அந்தப் பெண் அதே வேலையைச் சம்பளமின்றித் தொடர்ந்து செய்தாலும் நாட்டு வருமானக் கணக்கு குறைந்துவிடும் என்று ஆங்கிலப் பொருளியல் அறிஞர் பிகூ நூறு ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்காட்டினார். பாடநூல்கள் இதை ஒரு விந்தையாகக் குறிப்பிட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். அந்த உழைப்பை எப்படி அளப்பது, அளக்காமல் விட்டதால் யாருக்கு என்ன இழப்பு என்று விடாமல் கேட்டு, கணக்கெடுக்கும் முறையையே மாற்றும்படி வற்புறுத்தியவர்கள் மகளிரியல் ஆய்வாளர்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இன்று நம் கையில் இருப்பதற்கு அந்த வற்புறுத்தலும் ஒரு காரணம். அந்தக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனோரில் சொந்தக் குடும்பத்துக்காகச் சம்பளமின்றி வீட்டு வேலை செய்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். அந்த வேலையில் ஈடுபடுவோரைமட்டும் எடுத்துக்கொண்டாலும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேர உழைப்பு, நாள்தோறும், எந்த வருமானக் கணக்கிலும் ஏறாமல்! 2023 செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவியருக்காகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை போதுமா, போதாதா என்று எத்தனை வேண்டுமானாலும் விவாதிக்கலாம். ஆனால் குடும்பத் தலைவியின் ஊதியமில்லா உழைப்பை மதிப்பது நியாயம் என்று பொதுப்பேச்சில் ஏற்கப்பட்டதற்குப் பின்னால் பல பத்தாண்டு ஆய்வு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

இந்தியாவில் இத்துறையின் தொடக்கமும் இப்படி ஒரு கணக்கிலிருந்துதான் வந்தது. பெண்களின் நிலையை ஆராய 1971-இல் மத்திய அரசு அமைத்த குழு, வீணா மஜும்தார் உறுப்பினர் செயலராக இருக்க, 1974-இல் தன் அறிக்கையை முடித்தது. அந்த அறிக்கை சுட்டியபடி, ஆயிரம் ஆண்களுக்கு 1901-இல் 972 பெண்கள் இருந்த நாட்டில் 1971-இல் அந்த எண் 930 ஆகக் குறைந்திருந்தது. விடுதலைக்குப் பிறகு பெண்களின் நிலை தானாகவே உயர்ந்து வருகிறது என்று நம்பியிருந்த கல்வியாளர்களை இந்தச் சரிவு உலுக்கியது. பம்பாயின் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர் நீரா தேசாய் 1974-இல் மகளிரியல் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். 1986-இன் தேசியக் கல்விக் கொள்கை மகளிரியலை வளர்க்க வேண்டும் என்றது. பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவியோடு நாடெங்கும் மையங்கள் எழுந்தன. இங்கே கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-லேயே தோன்றிவிட்டது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலைக்கு வந்த மாநிலம் நம்முடையது என்பதை நினைத்தால், இந்த ஆய்வு நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது விளங்கும்.

பாலினவியலில் வரும் பாலீர்ப்பு, அதாவது ஒருவருக்கு எந்தப் பாலினத்தவர்மீது ஈர்ப்பு என்பது, குறித்த படிப்பைப் பற்றிச் சொல்லும்போதுதான் நம் கல்லூரிகள் அதிகம் தயங்குகின்றன. மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் இணைந்து வாழப் பாதுகாப்புக் கோரித் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தாம் இதைப் பற்றி முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே 2021 ஜூன் 7 அன்று விரிவான ஆணை பிறப்பித்தார். தன்பால் ஈர்ப்பைச் 'சரிசெய்யும்' சிகிச்சை முயற்சிகளுக்கு அந்த ஆணை தடை விதித்தது. காவல் துறைக்கும் கல்வி நிலையங்களுக்கும் விழிப்புணர்வுப் பயிற்சி தரச் சொன்னது. மருத்துவப் பாடநூல்களில் இருந்த பிழையான பகுதிகளும் அதே வழக்கில்தான் கேள்விக்கு உள்ளாயின. இவ்வளவுக்கும் பிறகு, 2024 ஆகஸ்ட் இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில் பெண்களுக்கிடையிலான தன்பால் உறவு மீண்டும் இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்களோடு சேர்க்கப்பட்டிருந்தது. எதிர்ப்புக்குப் பின் சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. பாடத்திட்டத்தை வகுப்போரிடையே இத்துறையைக் கற்றவர்கள் இருந்திருந்தால் அந்த வரி அச்சுக்கே போயிருக்காது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் கற்றவர்களின் நிலை என்ன? கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசிய தகுதித் தேர்வில் மகளிரியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. அதில் தேறிய என் பழைய மாணவி ஒருவர், தம் பாடத்துக்கெனப் பணியிடமே இல்லாத கல்லூரிகளில் விண்ணப்பித்து விண்ணப்பித்துக் களைத்து, இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் தற்காலிகமாக வேலை பார்க்கிறார். ஐந்தாண்டுத் திட்ட நிதியை நம்பி இயங்கிய மையங்கள், 2017 மார்ச்சில் பன்னிரண்டாம் திட்டம் முடிந்தபோது, அடுத்த ஆண்டு இருப்போமா என்ற கவலையில் தவித்தன. நான் அறிந்த கல்லூரிகளிலோ மகளிரியல் என்றாலே மார்ச் 8 அன்று கோலப்போட்டி, ஒரு சிறப்புரை, தையல் பயிற்சி என்றாகிவிட்டது. விழாவை நான் குறை கூறவில்லை. ஆனால் ஆய்வு நடத்த வேண்டிய ஆசிரியரை விழா அமைப்பாளராக்குவது அந்தப் படிப்புக்குச் செய்யும் அநீதி.

எனவே உயர்கல்வித் துறை, ஒவ்வொரு அரசுப் பல்கலைக்கழகத்தின் மகளிரியல் துறையிலும் காலியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்ப வேண்டும். இளநிலை மாணவர் அனைவருக்கும், ஆண்களுக்கும் சேர்த்து, ஒரு பருவத் தாளாவது இத்துறையில் பட்டம் பெற்றவரால் கற்பிக்கப்பட வேண்டும். வேலை நேரம் மீதமுள்ள ஏதோ ஓர் ஆசிரியரிடம் அதைத் தள்ளிவிடக் கூடாது. மேலே நான் குறிப்பிட்ட 1974 அறிக்கை, நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, 2021 ஆணை ஆகியவற்றை மாணவர்கள் தமிழிலேயே படிக்கும்படி, தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் குறைந்த விலையில் பதிப்பித்துத் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியை,
திருச்சிராப்பள்ளி.