குகைகளுக்கும் எண் பலகை வேண்டும்: சேலம் கோட்ட ரயில்வே மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோட்ட ரயில்வே மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறினால், அடிவாரம் தாண்டியதும் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. தூங்கி விழித்த பிள்ளைகூடப் பலகையைப் பார்த்து எந்த வளைவில் இருக்கிறோம் என்று சொல்லிவிடும். வயிற்றைப் பிரட்டுகிற பிள்ளையிடம் "இன்னும் ஆறுதான் கண்ணு, பொறுத்துக்கோ" என்று அம்மா சொல்ல முடிகிறது. மலையில் நாம் எங்கே இருக்கிறோம் என்பது பஸ்ஸில் இருக்கிற எல்லோருக்கும் தெரிகிறது. மலையைக் குடைந்து ரயில் போக விட்ட குகைகளில் அது தெரிவதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

நான் சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். வசூலுக்காகப் பெங்களூர், மங்களூர், அங்கிருந்து ரத்னகிரி, பம்பாய் என்று பல வருடமாக ரயிலில் போய்வருகிறேன். கொலுசு வேலையில் எண்ணிக்கை தப்பக் கூடாது. ஒரு காலில் ஒரு முத்து குறைந்தாலும் ஜோடி திரும்பி வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் குகைகளையும் எண்ண ஆரம்பித்தேன். பேன்ட்டின் வலது பையில் ஒரு பிடி புளியங்கொட்டை இருக்கும். வண்டி குகைக்குள் நுழைந்ததும் ஒரு கொட்டை இடது பைக்கு மாறும். ஊர் போய்ச் சேர்ந்து லாட்ஜில் உட்கார்ந்து இடது பையைக் கவிழ்த்து எண்ணி நோட்டில் எழுதுவேன்.

இந்த எண்ணிக்கை எவ்வளவு கஷ்டம் என்பது பெங்களூர்–மங்களூர் வழியில் இருக்கும் சக்லேஷ்பூரில்தான் புரிந்தது. அங்கிருந்து சுப்ரமணியா ரோடு வரை இறங்கும் மலைப்பாதையில் 57 குகைகள். பகல் வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்து எண்ணினேன். முதல் தடவை 55. அடுத்த தடவை 58. காரணம் இருக்கிறது. குகை வருவதைக் கண்ணுக்கு முன்னால் காதுதான் சொல்லும். சக்கரச் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி முகத்தில் அறைகிற மாதிரி வரும். ஈரப் பாறை வாசனை உள்ளே வரும். அதுவரை எரிவதே தெரியாத டியூப்லைட் பளிச்சென்று தெரியும். அப்புறம் வெளிச்சம். அந்த வெளிச்சம் சில இடங்களில் கொட்டையை விரலால் தேடி எடுக்கிற நேரம்கூட நிற்காது, அடுத்த இருட்டு வந்துவிடும். ஒரு குகையா, இரண்டா? நடுவில் இருந்தது இடைவெளியா, பக்கவாட்டில் விட்ட திறப்பா? தலைக்கு மேல் போனது சாலைப் பாலமா, சின்னக் குகையா? வண்டிக்குள் இருந்து பார்ப்பவனால் சொல்ல முடிவதில்லை.

எண்ணுகிறவன் கவனக்குறைவு என்று இதை விட்டுவிடலாம். ஆனால் நாட்டிலேயே பேர்போன பாதைகளுக்குக்கூட ஒரே எண் இல்லை. பம்பாய்ப் பக்கத்திலிருந்து மங்களூர்ப் பக்கம் வரும் கொங்கண் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் முழுமையாகத் திறந்தது. சுமார் 740 கிலோமீட்டர். அதில் 91 குகைகள் என்று ஓர் இடத்திலும் 92 என்று இன்னோர் இடத்திலும் அச்சாகியிருக்கிறது. ரத்னகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் கர்புடே குகை மட்டும் ஆறரை கிலோமீட்டர். அவ்வளவு பெரியதைக் குடைந்தவர்கள் தந்த கணக்கிலேயே ஒன்று கூடக் குறைய நிற்கிறது என்றால், எதைக் குகை என்று எண்ணுவது என்பதில் ஒரு தெளிவு வேண்டியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

கர்ஜத்திலிருந்து லோனாவாலா ஏறும் போர்காட் மலையில் மூன்று பாதைகள். பம்பாய்க்கு இறங்கும்போது எண்ணியது பூனாவுக்கு ஏறும்போது வராது, ஏனென்றால் அந்தந்தப் பாதைக்குக் குகை வேறு வேறு. காஷ்மீரில் 12.7 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள டி-50 குகையை ஒட்டி ஆபத்துக் காலத்தில் ஆட்களை வெளியேற்ற இன்னொரு குகை போகிறது. அதில் ரயில் ஓடாது. அதை எண்ணுவதா, விடுவதா? நம் பக்கம் செங்கோட்டைப் பாதையில் பகவதிபுரம் தாண்டி வரும் ஆரியங்காவு குகைக்கு ஒரு வாய் தமிழ்நாட்டில், மறு வாய் கேரளத்தில். தமிழ்நாட்டுக் குகைகள் எத்தனை என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டால், அதை எந்தப் பக்கம் சேர்ப்பது?

பதில் இருக்கும் ஊரும் உண்டு. குடும்பத்தோடு ஒரு தடவை கால்காவிலிருந்து சிம்லா போனோம். 1903இல் திறந்த குறுகிய பாதை அது. ஒவ்வொரு குகை வாயிலும் எண் எழுதியிருக்கிறது. எண் 103 வரை போகிறது, ஆனால் வண்டி கடப்பது 102. நடுவில் 46ஆம் எண் இப்போது இல்லை. அந்தக் குறையைக்கூட அவர்கள் மறைக்கவில்லை, மீதி எண்களை மாற்றி எழுதவும் இல்லை. நீளமானது பரோக், 33ஆம் எண், 1,143 மீட்டர். அன்று எங்கள் பெட்டியில் இருந்த குழந்தைகள் எல்லோரும் எண்ணைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்கள். 45க்கு அடுத்து 47 வந்ததும் பெட்டியே கூச்சல் போட்டது.

இனி நம் கோட்டத்துக்கு வருகிறேன். 2007 நவம்பரில் சேலம் கோட்டம் பிறந்தபோது நீலகிரி மலை ரயிலும் நம் கைக்கு வந்தது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் போன பாதை. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 208 வளைவு, 250 பாலம், 16 குகை என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். சின்ன வயதில் பொம்மிடி, லோக்கூர், டேனிஷ்பேட்டை வழியாகச் சேர்வராயன் மலையை ஒட்டி வரும்போதெல்லாம் குகை வரும் என்று காத்திருந்து ஏமாந்தவன் நான். அதனால் அந்த 16 குகைகளும் நம் கோட்டத்துக் குகைகள் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. ஆனால் அதில் ஒன்பதாவது எது, அதற்கு எத்தனை மீட்டர் நீளம், அது அடர்லி ஸ்டேஷனுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் பயணிக்குத் தெரிய வழியில்லை. பணியாளர்களுக்கு மனப்பாடம். ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் கொடியோடு நிற்கிற பிரேக்ஸ்மேனைக் கேட்டால் தெரியும், ஆனால் அவரை வேலை நேரத்தில் தொந்தரவு செய்வது சரியில்லை.

வேடிக்கைக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. சில வருடத்துக்கு முன் ஒரு மலைப்பாதையில் ராத்திரி எங்கள் வண்டி குகைக்குள் நின்றுவிட்டது. எதிர் சீட்டில் ஒரு பெரியம்மாவுக்கு மூச்சு முட்டியது. போனில் சிக்னல் இல்லை. அரை மணி கழித்து வண்டி வெளியே வந்ததும் உதவிக்கு அழைத்தோம். எந்த இடம் என்று கேட்டார்கள். குகை என்றோம். எந்தக் குகை என்றார்கள். அதற்கு எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. கேட்டவர் மேல் தப்பில்லை, அவர் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். வெளியே இருந்திருந்தால் மின்கம்பத்து எண்ணையாவது படித்துச் சொல்லியிருப்போம். அடுத்த ஸ்டேஷனில் டாக்டர் வந்து அம்மா பிழைத்துக்கொண்டார். அந்த அரை மணி எனக்கு மறக்கவில்லை.

பெயரிலும் ஒரு சிக்கல். ரயில்வே பலகைகளில் சுரங்கப்பாதை என்றால் பிளாட்பாரம் மாற நடந்துபோகும் வழி. ஊருக்குள் அதே சொல் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் தரைக்கீழ்ச் சாலைக்கும் வரும். சேலத்துக்காரனுக்குச் சுரங்கம் என்றால் வெள்ளைக்கல் தோண்டும் மேக்னசைட் சுரங்கம். அந்தப் பெயரில் ஒரு ஜங்ஷனே இருக்கிறது. ரயிலில் போகிறவர்கள் குகை என்கிறார்கள். ஆனால் எங்கள் ஊரில் குகை என்பது ஆடியில் வண்டி வேடிக்கை நடக்கும் பேட்டை. செங்கோட்டைப் பக்கத்தில் குகைப்பாதை என்று சொல்கிறார்கள், எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. பலகையில் அந்தச் சொல்லையே எழுதலாம்.

காவிரி மாதிரிப் பெரிய ஆற்றுப் பாலங்களுக்கு ஆற்றின் பெயரெழுதிப் பலகை வைக்கிறீர்கள். அதே போல மேட்டுப்பாளையம்–ஊட்டி பாதையில் 16 குகைப்பாதைகளின் இரண்டு வாயிலும் பயணி கண்ணுக்கு எட்டும் உயரத்தில் தமிழில் எண், மொத்தம், மீட்டரில் நீளம் எழுதுங்கள். "9/16" என்று, ஏற்காட்டு வளைவைப் போல. தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பல்சட்டத்தைப் பிடித்து மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் ஏறும் வண்டி அது, நிதானமாகப் படிக்கலாம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பாதைகளில் பலகை கண்ணில் நிற்காது. அங்கே குகைகளின் வரிசை, எந்த ஸ்டேஷனுக்கும் எந்த ஸ்டேஷனுக்கும் இடையே, எத்தனை மீட்டர், ஒற்றைப் பாதையா இரட்டையா என்று நாடு முழுமைக்கும் ஒரே பட்டியல் வெளியிட ரயில்வே வாரியத்துக்கு உங்கள் கோட்டத்திலிருந்து எழுதுங்கள். குகையைப் பராமரிக்கிற பொறியாளர்களிடம் இதெல்லாம் பதிவாக இருக்கிறது. பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கேட்டால் எனக்கு ஒருவனுக்குக் கிடைக்கும். எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

என் நோட்டில் பதினோரு பாதைகளின் எண்ணிக்கை இருக்கிறது, தப்பிய இடங்களுக்குக் கேள்விக்குறியோடு. ஜெராக்ஸ் எடுத்து உங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகிறேன். சரிபார்க்க யாராவது ஓர் ஊழியரை ஒதுக்கினால், பட்டறையைப் பூட்டிவிட்டு அவரோடு உட்காரவும் நான் தயார். வரும் மே மாதம் பேத்தியோடு மலை ரயில் ஏறுகிறேன். 16 புளியங்கொட்டையை இப்போதே கழுவிக் காயவைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
சிவதாபுரம் கொலுசுப் பட்டறைக்காரன்