மாதிரி எடுக்காத பறிமுதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கெட்டுப்போன மீனையும் இறைச்சியையும் பறிமுதல் செய்து, பினாயில் ஊற்றி அழிக்கும் படங்கள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. எத்தனை கிலோ என்பது செய்தியில் இருக்கும். மாதிரி எடுத்தார்களா என்பது இருக்காது. வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த மாதிரியில்தான்.

1954-ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இதில் கறாராக இருந்தது. அதன் 10(4) பிரிவின்படி, கலப்படமாகத் தோன்றும் பொருளை உணவு ஆய்வாளர் எடுத்துச் செல்லலாம். கடைக்காரர் பொறுப்பிலேயே விட்டும் வைக்கலாம். எதைச் செய்தாலும் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பியாக வேண்டும். அழுகும் பொருளை எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்து அழிக்கும் வழி 1976 திருத்தத்தில்தான் வந்தது.

அந்தச் சட்டத்தின் கீழ் பால் மாதிரி எடுத்த முறையைப் பாருங்கள். முதலில் கேனை நன்றாகக் கலக்க வேண்டும். கலக்காமல் மொண்டால் மேலே மிதக்கும் கொழுப்பு ஒரு பாட்டிலில் கூடும், இன்னொன்றில் குறையும். 660 மி.லி. விலைகொடுத்து வாங்கி, ரசீது பெற்று, மூன்று பாட்டில்களில் 220 வீதம் ஊற்றுவார்கள். பாட்டில் ஈரமாக இருந்தால் தண்ணீர் கலந்தது யார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். 25 மி.லி.க்கு இரண்டு சொட்டு என்ற கணக்கில் பாட்டிலுக்கு 18 சொட்டு ஃபார்மலின், பால் கெடாமல் இருக்க. பிறகு தடித்த தாளில் சுற்றி, சீட்டு ஒட்டி, நூல் கட்டி, நான்கு இடத்தில் அரக்கு முத்திரை: மேலே ஒன்று, அடியில் ஒன்று, நடுவில் இரண்டு. கடைக்காரர் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி தாளிலும் விழ வேண்டும். யாராவது பிரித்து ஒட்டினால் எழுத்து ஒன்றுசேராது. முத்திரையின் அச்சுப்பதிவு பகுப்பாய்வாளருக்குத் தனியாகப் போகும்.

இவ்வளவும் செய்து வழக்கைத் தாமதித்தால் எல்லாம் வீண். பகுப்பாய்வு அறிக்கை கிடைத்த பத்து நாளுக்குள், இன்னொரு பாட்டிலை மத்திய உணவு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி குற்றம்சாட்டப்பட்டவர் அந்தச் சட்டத்தில் கேட்க முடிந்தது. அதற்குள் அது கெட்டிருந்தால் அவருடைய உரிமை பறிபோகும். டெல்லி மாநகராட்சியின் தயிர் வழக்கு ஒன்று இப்படித்தான் 1966-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. தயிர் நல்ல தயிர் என்று அங்கே யாரும் தீர்ப்பளிக்கவில்லை.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2011 ஆகஸ்ட் 5 முதல் நடப்பில் உள்ள உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தில் மாதிரி நான்கு பங்கு. அறிக்கைக்கு 14 நாள் கெடு. நியாயமான காரணமின்றித் தொல்லை தரப் பறிமுதல் செய்யும் அலுவலருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மீன், இறைச்சியில் கிருமிச் சோதனை வேண்டுமென்றால் ஃபார்மலின் கூடவே கூடாது, அது கிருமியைக் கொன்றுவிடும். கிருமிநீக்கிய கலத்தில் அடைத்து, குளிர் குறையாமல் ஆய்வகம் சேர்க்க வேண்டும். பினாயில் ஊற்றிய பின் எதையும் சோதிக்க முடியாது.

தங்கள் நிருபர்கள் அடுத்த முறை அலுவலரிடம் இரண்டு கேள்வி கேட்டு எழுதட்டும்: மாதிரி எடுத்தீர்களா, எந்த ஆய்வகத்துக்கு அனுப்பினீர்கள்? மூன்று வாரம் கழித்து, அறிக்கை என்ன சொன்னது என்பதையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உணவு ஆய்வாளர்,
திருச்சி